முடிந்து போகிற விளையாட்டு!

குட்டீஸ்... 'ஓல்டு மேன்ஸ் ஜர்னி' தெரியுமா? ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் உள்ள 'புரோக்கன் ரூல்ஸ்' என்ற சிறு குழு, 2017ல் வெளியிட்ட வீடியோ கேம்.

ஒரு கடிதம் வந்ததும், மூட்டையைத் தூக்கிக் கொண்டு கிளம்புகிறார் தாத்தா. மலைகளை விரலால் ஏற்றி, இறக்கி, நாம் தான் அவருக்குப் பாதை போட வேண்டும். அவர் நிற்கும் மலை மட்டும் அசையாது. குறுக்கே ஆட்டு மந்தை வேறு!

வசனம் இல்லை, 'ஸ்கோர்' இல்லை. அவர் ஓய்வெடுக்கும் போது, பழைய நினைவுகள் ஓவியமாக விரியும். யாரைப் பிரிந்தார் என்பது, மெல்ல மெல்லத் தான் புரியும்.

'ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிருச்சே... காசு தண்டம்' என்பர் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முடிவே இல்லாத கேம்கள் தான், நம்மை எழுந்திருக்க விடுவதில்லை. இது, கதையைச் சொல்லி முடித்ததும் விட்டு விடுகிறது.

வழி தெரியவில்லை என்றால், உடனே 'யு டியூப்'பில் விடை தேடாதீர்கள். மலையை இன்னொரு முறை இழுத்துப் பாருங்கள்!