மடித்த வீடும் அம்மாவின் சேலையும்



1990இல் சாட்டியை விட்டோம். 1995இல் வலிகாமத்தையும் விட்டு நடந்தோம். தென்மராட்சியில் ஒரு தறப்பாளின் கீழ் ஏழு பேர். உடுப்பு மாற்ற இருட்டும்வரை காத்திருப்பேன். ஒருநாள் அம்மா பழைய சேலையைக் குறுக்கே கட்டி, சமையலுக்குக் கிடுகால் பத்தி இறக்கினார். அன்றுதான் மூச்சு வந்தது.

ஆளுக்கு 3.5 சதுர மீற்றர் மூடிய இடம் வேண்டுமென்பது ‘ஸ்பியர்’ மனிதாபிமான நியமம். சுவீடனில் வடிவமைத்த ‘பெற்றர் ஷெல்ரர்’ இரண்டு பெட்டிகளில் அடங்கி வரும், பொருத்தினால் 17.5 சதுர மீற்றர், ஐவருக்குப் போதும். கதவைப் பூட்டவும் முடியும். அந்தப் பூட்டின் அருமை நமக்குத் தெரியும்.

கூடாரம் வரைபவர்கள் முதலில் பெண்களிடம் கேட்கட்டும்: உடுப்பு எங்கே மாற்றுவீர்கள், உலை எங்கே வைப்பீர்கள்? இன்று கல்வீட்டில் இருந்தாலும், என் பெட்டியில் ஒரு சேலையும் கயிறும் இருக்கின்றன.