கூட்டைப் படம் எடுப்பதும் வேட்டைதான்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரும் கையுமாக வாட்ஸ்அப்பைத் திறந்தேன். எங்கள் நடைப்பயிற்சி நண்பர்கள் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. கூட்டுக்குள் மூன்று குஞ்சுகள், இன்னும் கண் திறக்காதவை, வாயைப் பிளந்துகொண்டு. ஒரு இலைகூட மறைக்காமல் பளிச்சென்று இருந்தது. கீழே 'அற்புதம் சார்', 'தெய்வீகம்', வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். நான் ஒன்றும் போடவில்லை.

மதியம் படம் எடுத்த நண்பரே போன் செய்தார்.

"என்ன சார், படம் பார்க்கலையா? ஒண்ணுமே சொல்லலையே?"

"பார்த்தேன். கூட்டுக்கு முன்னாடி இருந்த இலையெல்லாம் என்ன ஆச்சு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ரெண்டே ரெண்டு இலைதான் சார்" என்றார்.

அந்த இரண்டு இலைகளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுங்கள்.

ரிட்டயர் ஆன பிறகுதான் எனக்குக் கேமரா பைத்தியம் பிடித்தது. முப்பத்து நான்கு வருஷம் கோப்புகளில் குறிப்பு எழுதிய கைக்கு வேறு வேலை வேண்டியிருந்தது. பென்ஷன் அரியர்ஸ் வந்ததும் பெரிய ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கினேன். நாகேஸ்வர ராவ் பூங்கா, அடையாறு முகத்துவாரம், பள்ளிக்கரணை என்று விடியற்காலையில் சுற்றினேன். ஆறு மாதத்தில் கிடைத்ததெல்லாம் பறவைகளின் முதுகும், அவை பறந்துபோன கிளைகளும்தான்.

அப்போதுதான் எங்கள் மந்தைவெளி ஃப்ளாட்டின் பின்பக்கம் இருந்த சீத்தா மரத்தில் தையல் சிட்டு கூடு கட்டியது. இலைகளை வளைத்து, ஓரத்தில் அலகால் துளை போட்டு, சிலந்தி நூலும் பஞ்சும் கொண்டு தைக்கும் பறவை அது. எனக்கு அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். கூட்டுக்கு முன்னால் தொங்கிய ஒரு இலையைக் கத்தரித்தேன். இன்னும் இரண்டை என் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்துப் பின்னால் இழுத்துக் கட்டினேன். ஏப்ரல் மாதம். காலை எட்டு மணியிலிருந்து பத்தரை வரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் எடுத்தேன். தாய்ப்பறவை வாயில் புழுவோடு எதிரே இருந்த துணி காயப்போடும் கம்பியில் உட்கார்ந்து விடாமல் கத்தியது. எனக்கு அது போஸ் கொடுப்பதாகத் தோன்றியது.

மறுநாள் காலை கூடு கிழிந்து தொங்கியது. சுவர் மேல் இரண்டு காக்கைகள். என் மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "ஏங்க, படம் நல்லாத்தான் வந்திருக்கு. குஞ்சுங்களத்தான் காணோம்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் படத்துக்கு ஒரு குடியிருப்போர் விழாவில் முதல் பரிசு கொடுத்தார்கள். சால்வையும் போர்த்தினார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். அந்தப் படம் இன்றைக்கும் பீரோவுக்குள்தான் இருக்கிறது. மாட்ட மனம் வரவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வனவிலங்குகளைப் படம் எடுப்பதற்குப் பிரெஞ்சில் 'ஷாஸ் ஃபோட்டோகிராஃபிக்' என்று பெயர். ஷாஸ் என்றால் வேட்டை. புகைப்பட வேட்டை. துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கேமராவை எடுத்தார்கள் என்ற பெருமையில் வைத்த பெயராக இருக்கலாம். சீத்தா மரத்துக் கூட்டைப் பார்த்த அன்று அந்தச் சொல்லின் முதல் பாதிதான் எனக்கு உறைத்தது.

குமாஸ்தா புத்தி விடவில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். பிரிவு 2, உட்பிரிவு 16. 'வேட்டை' என்ற சொல்லுக்கு அங்கே விளக்கம் இருக்கிறது. கொல்வது, பிடிப்பது மட்டுமல்ல. காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரும் நம் சட்டம் தரும் பொருளும் ஒன்றாகவே போய்விட்டன. நாம்தான் 'ஹாபி' என்கிறோம்.

இதைச் சொன்னால் நண்பர்கள் நாலு பதில் வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, "நான் தொடவே இல்லை, தூரத்திலிருந்து ஜூமில் எடுத்தேன்." சரி. ஆனால் கூடு என்பது கண்ணில் படாதிருக்கக் கட்டப்பட்ட பொருள். ஒரு இலையும் மறைக்காமல் படம் வந்தால், யாரோ இலையை விலக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த இலைதான் குஞ்சுக்குக் கூரை. ஏப்ரல் வெயிலில் ரோமம் முளைக்காத குஞ்சு எவ்வளவு நேரம் தாங்கும்? பறவை வாயில் இரையோடு கூட்டுக்குள் போகாமல் வெளியே உட்கார்ந்து கத்தினால், நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள். அந்தக் கூச்சலும், அங்கே குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கும் நாமும் சேர்ந்து, காக்கைக்கும் செண்பகத்துக்கும் விலாசம் எழுதிக் கொடுக்கிறோம்.

இரண்டு, "ஒரு குருவிக் கூடுதானே!" எங்கள் தெருவில் மட்டும் கேமரா வைத்திருக்கும் ரிட்டயர் ஆசாமிகள் நாலு பேர். ஒருவர் கூட்டைக் கண்டுபிடித்தால் மூன்று பேருக்குச் சொல்வார். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று, "அந்தக் காலத்துப் பெரியவர்களே கூட்டைத்தானே எடுத்தார்கள்!" உண்மை. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1892-ல் முட்டைகளோடு ஒரு கூட்டைப் படமெடுத்துத்தான் இந்தக் கலையையே தொடங்கினார்கள். அன்றைக்குக் கண்ணாடித் தகடு, கனமான கேமரா. ஓடியாடும் பறவை அதில் சிக்காது. அது கட்டாயம் திரும்பி வரும் இடம் கூடு ஒன்றுதான். இன்று நம் கையில் இருப்பது விநாடிக்குப் பத்து, இருபது படம் எடுக்கும் இயந்திரம். அவர்களுக்கு இருந்த காரணம் நமக்கு இல்லை.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர். மயிலாப்பூரில், இதே எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் குடியிருந்தவர். கறுப்பு வெள்ளை ஃபிலிமில், பல பாகங்களை ஒட்டுப்போட்டுத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவோடு, நடந்தும் யானை முதுகில் ஏறியும் காட்டு யானைகளை எடுத்தார். 1950 முதல் கடைசி வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதிக்கொண்டே இருந்தார். 1970-ல் பத்மஸ்ரீ. அவரிடம் நம்மைவிட மோசமான லென்ஸ் இருந்தது. நம்மைவிட நல்ல கண் இருந்தது.

நாலாவது, "பேரன் பேத்திகளுக்கு இயற்கை மேல் ஆர்வம் வருமே!" வரட்டும். அதற்கு வேடந்தாங்கலுக்குக் கூட்டிப் போங்கள். அங்கே கரையில் நடந்தபடியே நூற்றுக்கணக்கான கூடுகளைப் பார்க்கலாம், படமும் எடுக்கலாம். மரங்கள் தண்ணீரில், நாம் கரையில். நடுவில் ஏரி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்த ஊர் ஜனங்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. நான் கூட்டையே பார்க்காதே என்று சொல்லவில்லை. அதன் கதவைப் பெயர்க்காதே என்கிறேன்.

கூட்டோடு நிற்கவில்லை இந்த வியாதி. போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுகிறார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை, தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று இல்லாத எதிரியைத் தேடி அலைகிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் ஆமை முட்டையிட வரும் மாதங்களில் ஃப்ளாஷ் அடிக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சு பொரித்தால் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்துபோகும். அந்த முட்டைகளைக் காப்பாற்ற 1988-லிருந்து மாணவர்கள் இரவெல்லாம் அந்த மணலில் நடக்கிறார்கள். நாம் பேரனோடு செல்ஃபி எடுக்கிறோம்.

"அப்ப புதுசா கத்துக்கிறவன் எதைத்தான் எடுக்கிறது?" என்று கேட்பீர்கள். கபாலி கோயில் தெப்பக்குளத்துப் படியில் மடையான் ஒன்று அரை மணி நேரம் அசையாமல் நிற்கும். அதோடு நீங்களும் அசையாமல் உட்காருங்கள். பொறுமைக்கு அது போல் வாத்தியார் கிடையாது. பச்சைப் பின்னணியில் வெள்ளைக் கொக்கை எடுத்தால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள். வானத்தை ஒட்டி உட்கார்ந்த காக்கைக்கு ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். கொக்கையும் காக்கையையும் சரியாக எடுக்கத் தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் சுலபம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும், எட்டு மணிக்குள் முடியுங்கள். முழங்கால் ஒத்துழைத்தால் தரையில் உட்கார்ந்து பறவையின் கண் மட்டத்தில் எடுங்கள். அடையாறு முகத்துவாரத்துப் பவளக்காலியை அப்படி எடுத்த ஒரு படத்தைத்தான் நான் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

குழு நண்பர்களுக்கு என் கோரிக்கை இதுதான். இலையை விலக்கி எடுத்த கூட்டுப் படத்தை யார் போட்டாலும் கைதட்டாதீர்கள். பரிசு கொடுக்காதீர்கள். நம் வயதில் நமக்குப் பாராட்டுக் கிடைக்கும் இடங்கள் குறைவு என்பது எனக்கும் தெரியும். அந்தச் சால்வைக்கு நானும் ஆசைப்பட்டவன்தான். பாராட்டு நின்றால் இலை வெட்டுவதும் நிற்கும்.

போன் செய்த நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "குஞ்சுங்க இருக்கான்னு நாளைக்குக் காலையில போய்ப் பார்த்துட்டு வரேன் சார்" என்றார்.

"வேண்டாம். போகாதீங்க" என்றேன்.