நோயில் படுத்தவர் வேலையை விட்டவர் அல்லர்

"மன வருத்தம் எண்டு மூண்டு நாலு மாசம் லீவிலை நிண்டால், அந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான்." நெளுக்குளத்திலும் வவுனியா நகரத்திலும் கடை, நிதி நிறுவனம், ஆடைத் தொழிற்சாலை என்று எங்கே விசாரித்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்பவர்கள் முதலாளிமார் மட்டுமல்ல. பெற்றோரும் உடன் வேலை செய்வோரும்கூட, சட்டமே அப்படித்தான் இருக்கிறது என்று நம்புகிறார்கள். அது தவறான நம்பிக்கை. அதைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் வாதம்: "நீண்ட நாள் வராதவர், வேலையைத் தானாகவே விட்டவர்."

வேலைக்கு வராதிருப்பது வேறு, வேலையைக் கைவிடுவது வேறு. நெல்சன் டி சில்வா எதிர் இலங்கை அரச பொறியியல் கூட்டுத்தாபனம் என்ற வழக்கில் 1996இல் நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. ஒருவர் பதவியைக் கைவிட்டார் என்று கொள்ள, அவர் வேலைக்கு வராதிருந்ததுடன் வேலையை விடும் எண்ணமும் அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஏற்கத்தக்க காரணம் எதையும் சொல்லாமல் நெடுநாள் வராமல் இருந்தால் அந்த எண்ணம் இருந்ததாக முடிவுசெய்ய இடமுண்டு. அதனால்தான் காரணத்தை எழுத்தில் தெரிவிப்பது அவசியமாகிறது. கடும் மனச்சோர்வில் இருப்பவருக்குத் தொலைபேசியை எடுக்கவே மனம் வராது. அந்த நேரத்தில் வீட்டார் முன்வர வேண்டும்: மருத்துவச் சான்றிதழைப் பிரதி எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

இரண்டாவது வாதம்: "மனநலக் கிளினிக் சான்றிதழ் எடுபடாது."

1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சுகவீனம் என்று பொதுவாகத்தான் சொல்கிறது. உடலுக்கு ஒரு விதி, மனதுக்கு இன்னொரு விதி என்று அது பிரிக்கவில்லை. சிறுநீரகக் கிளினிக்குக்குப் போகும் ஊழியரின் சான்றிதழை ஏற்கும் நிறுவனம், மனநலப் பிரிவு வைத்தியர் தரும் சான்றிதழைத் தள்ளிவைக்க எந்த நியாயமும் இல்லை. அந்தச் சட்டம் சுகவீனத்துக்கும் சொந்த அலுவல்களுக்கும் சேர்த்து வருடத்துக்கு 7 நாள் லீவுதான் தருகிறது என்பது உண்மை. அதற்கு மேற்பட்ட லீவு, வேலை ஒப்பந்தத்தையும் நிறுவனத்தின் வழக்கத்தையும் பொறுத்தது. ஆனால் சம்பளத்துடனான லீவு தீர்ந்துபோவதும் வேலை முடிந்துபோவதும் ஒன்றல்ல. சம்பளம் நிற்கலாம், அதனால் மட்டும் வேலை தானாக முடிந்துவிடாது.

மூன்றாவது வாதம்: "முதலாளி நினைத்தால் நிறுத்தலாம்."

15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்தில் அப்படி நினைத்தபடி நிறுத்த முடியாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒழுக்காற்று நடவடிக்கையாக அல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமானால் ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்; அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். இரண்டும் இன்றி நிறுத்தினால் அந்த நிறுத்தம் சட்டப்படி செல்லாது. நோய் குற்றமல்ல, எனவே நோயை ஒழுக்காற்றுப் பிரச்சினையாகக் காட்டி இந்தச் சட்டத்தைக் கடந்துபோகவும் இயலாது.

நான்காவது வாதம்தான் மிக ஆபத்தானது: "மரியாதையாக நீங்களே எழுதித் தந்துவிட்டு விலகுங்கோ."

இது வீட்டுக்குத் தேடி வரும். தட்டச்சு செய்த ஒரு தாள். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். "எனது தனிப்பட்ட காரணங்களுக்காகப் பதவி விலகுகிறேன்" என்ற ஒரு வரி, கீழே கையொப்பத்துக்குப் புள்ளிக் கோடு. கொண்டு வந்தவர் நல்லவர்தான்; "தம்பி, இதிலை ஒரு சைன் வையும், சேமலாப நிதிக் காசை எடுத்துத் தாறம்" என்பார். மருந்தின் மயக்கத்தில் இருக்கும் பிள்ளை வைப்பான். பக்கத்தில் நிற்கும் அம்மாவும், இனிக் கரைச்சல் வேண்டாம் என்று தலையாட்டுவா. 1971ஆம் ஆண்டுச் சட்டம் கேட்கும் எழுத்துமூலச் சம்மதம் அந்த ஒரு கையொப்பத்தில் முதலாளிக்குக் கிடைத்துவிடுகிறது. பணிக்கொடைக்கு 5 வருடச் சேவை வேண்டும். நாலரை வருடத்தில் கையொப்பம் வைத்தவருக்கு அதுவும் இல்லை. வேலை பறிபோவது பெரும்பாலும் சட்டத்தால் அல்ல, இந்தத் தாளால்தான். சுகமில்லாத நாளில் எந்தக் கடிதத்திலும் கையொப்பமிட வேண்டாம். "வைத்தியரிடம் காட்டிவிட்டுத் தாறம்" என்று சொல்லி வாங்கி வையுங்கள்.

ஐந்தாவது வாதம்: "திரும்பி வந்தாலும் பழையபடி வேலை செய்யமாட்டார்."

2009இல் நெளுக்குளம் கலைமகள் மகா வித்தியாலயம் இடம்பெயர்ந்தோர் முகாமாக இருந்தது. அக்காலத்தில் முகாம்களில் இருந்த பிள்ளைகள் பலர் இன்று வேலைக்குப் போகும் வயதில் இருக்கிறார்கள். அதே வருடம் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்த ஆய்வொன்றில் 22.2 வீதமானோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. மனவருத்தம் கண்டவர் எல்லாரும் வேலைக்கு உதவார் என்றால் வடக்கில் எத்தனை வேலைத்தளங்கள் இயங்கும்? உண்மையில் பலருக்குத் தேவைப்படுவது சிறிய மாற்றங்கள்தான்: காலை மருந்தின் தூக்கம் தெளிய ஒரு மணி நேரம் பிந்தி வருவது, சில மாதம் இரவு வேலையைத் தவிர்ப்பது, கிளினிக் நாளில் அரை நாள் லீவு. 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், சிகிச்சையையும் வேலைக்குத் திரும்புவதற்கான உதவியையும் இணைத்தே பேசுகின்றன.

ஆறாவது வாதம்: "வழக்குப் பேச எங்களிட்டைக் காசு எங்கே?"

தொழில் நியாய சபைக்கு ஊழியர் தாமே விண்ணப்பிக்கலாம். அவர் அங்கம் வகிக்கும் தொழிற்சங்கமும் அவர் சார்பில் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் நீதியானதும் நியாயமானதுமான கட்டளையைப் பிறப்பிக்கும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. வசதியில்லாதவருக்கென்றே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் காலக்கெடு 6 மாதம். சுகம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தால் அந்தக் காலம் கடந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு, அந்தப் பேச்சில் உண்மை எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வவுனியாக் கடைத்தெருவில் பல கடைகளில் 15 பேர் இல்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அங்குள்ள ஊழியரைக் காக்காது, நியாய சபை மட்டுமே மிச்சம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஆட்சேர்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கிறது. வேலையில் இருக்கும்போது நோய்ப்பட்டவர் திரும்பி வருவதைப் பற்றிப் பேசவில்லை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, அரசுப் பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனுக்கு உள்ளானவரை வேலைநீக்கம் செய்யக்கூடாது என்கிறது. மனநோயையும் அதில் சேர்த்திருக்கிறது. நம் நாட்டின் மனநோய்ச் சட்டத்துக்கு வேர் 1873இல்.

ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. சிறிய கடைகளின் ஊழியருக்கும் நோய்க்காலப் பாதுகாப்பு சட்டத்தில் வர வேண்டும். நீண்ட லீவுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் உரிமை எழுத்தில் வர வேண்டும். அதுவரை, இருக்கும் உரிமையை இல்லை என்று சொல்லிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதையாவது நாம் நிறுத்துவோம்.