காய்பாவின் கணக்கும் காரக்கின் கணக்கும்



வேற்றுக்கோள்களில் வாழும் இனத்தார் பேரரசுகள் அமைத்து ஒன்றோடொன்று போரிடும் கதைகளை நம் வீட்டு இளைஞர்கள் விரும்பிக் காண்கிறார்கள். நாமோ அவற்றைப் பொழுதுபோக்கு என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். எதிரி மிகக் கொடியவனாக இருந்தால் அவனை வெல்ல நாம் எவ்வளவு தூரம் செல்லலாம் என்ற கேள்விக்கு அக்கதைகள் விடை சொல்கின்றன. இளைஞர்கள் அந்த விடையைக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த விடை தவறு என்று வாதிடவே இந்த வாரம் எழுதுகிறேன்.

1993 முதல் 1999 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரை எடுத்துக்கொள்வோம். அதில் டொமினியன் என்றொரு பேரரசு வருகிறது. அதை ஆளுகிற ஃபவுண்டர்கள் தங்கள் உருவத்தை விரும்பியபடி மாற்றிக்கொள்ளக் கூடியவர்கள். தங்களுக்காகப் போரிட ஜெம்ஹடார் என்ற இனத்தையும், நிர்வாகம் செய்ய வோர்ட்டா என்ற இனத்தையும் அவர்கள் மரபணு முறையில் உருவாக்கினார்கள். இவ்விரு இனங்களும் ஃபவுண்டர்களைத் தெய்வமாக வணங்கும்படியே படைக்கப்பட்டன. ஜெம்ஹடார் வீரர்கள் கட்டுக்குள் இருக்கும்படி அவர்களை ஒரு போதைமருந்துக்கு அடிமைகளாக்கினார்கள். இது தீய அரசு என்பதில் ஐயமில்லை. அதை எதிர்த்துப் போரிடுகிறது பூமியும் பல கோள்களும் சேர்ந்த கூட்டமைப்பு.

1998-இல் ஒளிபரப்பான ‘இன் த பேல் மூன்லைட்’ என்ற அத்தியாயத்தில் கூட்டமைப்பு தோற்றுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாண்டவர்களின் பட்டியல் ஒட்டப்படுகிறது. வலிமை மிக்க ரோமுலன் பேரரசு டொமினியனுடன் உடன்படிக்கை செய்துகொண்டு ஒதுங்கி நிற்கிறது. ரோமுலன்களைப் போருக்குள் கொண்டுவரத் தீர்மானிக்கிறார் தளபதி சிஸ்கோ. முன்னாள் உளவாளியான காரக் அவருக்குத் துணை நிற்கிறார். உண்மையான ஆதாரத்தைத் தேடிய முயற்சி தோற்றதும், டொமினியன் ரோமுலன்களைத் தாக்கத் திட்டமிடுவதாகக் காட்டும் போலிப் பதிவு ஒன்றை ஒரு குற்றவாளியைக் கொண்டு தயாரிக்கிறார்கள். அதைப் பார்க்க வந்த செனட்டர் வ்ரீனாக் அது போலி என்று கண்டுபிடித்துவிடுகிறார். அவர் திரும்பிச் செல்லும் கலத்தில், சிஸ்கோவுக்குத் தெரியாமல், காரக் குண்டு வைக்கிறார். போலிப் பதிவைச் செய்த குற்றவாளியும் கொல்லப்படுகிறான். கொலைப்பழி டொமினியன்மீது விழ, ரோமுலன்கள் போரில் இறங்குகிறார்கள்.

தன்னிடம் சினந்து வரும் சிஸ்கோவுக்குக் காரக் ஒரு கணக்குச் சொல்கிறார். ஒரு செனட்டரின் உயிர், ஒரு குற்றவாளியின் உயிர், ஒரு தளபதியின் சுயமரியாதை: இவ்வளவே செலவு, வரவோ, விண்மீன் மண்டலத்தின் கால்பகுதி காப்பாற்றப்பட்டது. இந்த லாபத்தோடு தம்மால் வாழ முடியும் என்று சிஸ்கோ தம் நாட்குறிப்பில் பேசுகிறார். பிறகு அந்தப் பதிவையே அழித்துவிடுகிறார்.

தொடரின் மிகச் சிறந்த அத்தியாயங்களுள் ஒன்றாக ரசிகர்கள் இதைப் போற்றுகிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. சிஸ்கோ செய்தது சரியே என்று கூறும் ரசிகர்களைத்தான் மறுக்கிறேன். வேறு வழியில்லாதபோது தலைவன் தன் கைகளைக் கறைப்படுத்திக்கொள்வதே பெருமை என்கிறார்கள் அவர்கள்.

காரக்கின் கணக்கை மறுபடியும் பாருங்கள். அதில் ரோமுலன் போர்வீரர்கள் எங்கே? பொய்யை நம்பிப் போர்க்களம் சென்று மடியப்போகிறவர்கள் அவர்கள்தானே? அவர்களுடைய பெற்றோரும் மனைவியரும் பிள்ளைகளும் எந்தப் பத்தியில் எழுதப்பட்டார்கள்? ஒரு மக்களினம் முழுவதும் தன் உயிரைக் குறித்துத் தானே முடிவெடுக்கும் உரிமையை இழந்தது. அது செலவாகக்கூட எழுதப்படவில்லை. கணக்கு லாபம் காட்டியது இப்படித்தான்.

இந்தக் கணக்கை நாம் வேதத்தில் ஏற்கெனவே கண்டிருக்கிறோம். ரோமர் வந்து ஆலயத்தையும் ஜனத்தையும் அழித்துவிடுவார்கள் என்று ஆலோசனைச் சங்கம் அஞ்சியபோது, எல்லாருக்காகவும் ஒருவன் சாவது லாபம் என்று கணக்குச் சொன்னவன் காய்பா. அவன் அறியாமல் பேசியதில் தேவதிட்டம் வெளிப்பட்டதை யோவான் கண்டார். ஆயினும் காய்பாவின் நோக்கத்தை எந்தச் சுவிசேஷகனும் நியாயப்படுத்தவில்லை. அந்தக் கணக்கு அதன் சொந்த அளவுகோலின்படியும் பொய்த்தது. காய்பா காக்க நினைத்த ஆலயத்தை ரோமர் கி.பி. 70-இல் இடித்துத் தள்ளினார்கள்.

எபிரெய மருத்துவச்சிகள் பார்வோனிடம் பொய் சொல்லவில்லையா, ராகாப் வேவுகாரரை ஒளித்துவைத்துப் பொய் சொல்லவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ‘பொய்க்கு எதிராக’ என்று ஏறக்குறைய கி.பி. 420-இல் எழுதிய நூலில் அகுஸ்தீனும் இதை எடுத்துக்கொண்டார். மறைந்திருக்கும் கள்ளப்போதகரைப் பிடிப்பதற்காக விசுவாசிகள் தாங்களும் அக்கூட்டத்தாரைப் போல நடிக்கலாமா என்பதே அந்நூலின் பின்னணி. கூடாது என்றார் அவர். மருத்துவச்சிகளும் ராகாபும் பெற்ற ஆசீர்வாதம் அவர்களுடைய இரக்கத்துக்கே உரியது, பொய்க்கு உரியதல்ல என்றும் விளக்கினார். அகுஸ்தீனின் கண்டிப்பை நீங்கள் ஏற்காவிட்டாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண்கள் கொலைகாரரிடமிருந்து உயிர்களை மறைக்கப் பொய் சொன்னார்கள். சிஸ்கோவோ உயிர்களைச் சாவுக்கு அழைத்துச் செல்லப் பொய் சொன்னார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

பொய் சொல்லாதிருந்தால் கோடிக்கணக்கானோர் மாண்டிருப்பார்களே என்பது அடுத்த வாதம். இதன் வலிமையை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. அந்த மரணப் பட்டியலைப் படித்த எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஃபவுண்டர்களின் வாதமும் இதுவே. ஒரு காலத்தில் மற்ற இனத்தார் அவர்களை அஞ்சி வேட்டையாடினார்கள். நம் கட்டுப்பாட்டில் இருப்பவனால் நமக்குத் தீங்கு வராது என்று அவர்கள் அப்போது முடிவுசெய்தார்கள். ஜெம்ஹடாரைக் கருவியாக்கியது அந்த அச்சமே. ரோமுலன்களைக் கருவியாக்கியதும் அத்தகைய அச்சமே.

அவசியம் என்ற சொல் எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதற்கு அத்தொடரே சாட்சி சொல்கிறது. கூட்டமைப்பின் இரகசியக் குழுவான ‘பிரிவு 31’, ஃபவுண்டர் இனத்தை முற்றிலும் அழிக்கக்கூடிய ஒரு நோயை அவர்களுக்குள் பரப்பியிருந்தது. அந்த இனத்தில் பிறந்தும் கூட்டமைப்பின் பக்கம் நின்ற ஓடோ என்பவரின் உடலில், அவர் அறியாமலே, அது ஏற்றப்பட்டது. எப்போது தெரியுமா? போர் தொடங்குவதற்கு முன்பே. ஓர் இனத்தையே அழிக்கும் திட்டம், தோல்வி நெருங்கிய நாளில் வேறு வழியின்றிப் பிறந்ததல்ல. பின்னர் மருந்து கண்டுபிடிக்கப்பட்டபோதும், அதை ஃபவுண்டர்களுக்குக் கொடுப்பதில்லை என்று கூட்டமைப்பின் மன்றம் தீர்மானித்தது.

இவையெல்லாம் கற்பனைதானே என்பீர்களானால், வரலாற்றைத் திருப்பிப் பாருங்கள். 1964 ஆகஸ்டு 4 அன்று டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறை தாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அப்படியொரு தாக்குதல் நடக்கவேயில்லை. ஆனால் அதைக் காட்டி ஆகஸ்டு 7 அன்று தீர்மானம் நிறைவேறி, வியட்நாம் போர் விரிந்தது; 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கரும், அதைவிடப் பன்மடங்கு வியட்நாமியரும் மாண்டார்கள். 2003 பிப்ரவரி 5 அன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தில் ஈராக்கின் பேரழிவு ஆயுதங்களுக்கான ஆதாரங்கள் என்று சில காட்டப்பட்டன. அந்த ஆயுதங்கள் கிடைக்கவேயில்லை. காட்டியவர் அறிந்து காட்டினாரா, அறியாமல் காட்டினாரா என்பது வேறு விவாதம். இறந்தவர்களுக்கு அந்த வேறுபாடு எட்டாது.

டொமினியன் போர் எப்படி முடிகிறது என்பதையும் பாருங்கள். ரோமுலன் கப்பல்களும் களத்தில் இருந்தன என்பது உண்மை. ஆனால் கடைசித் துப்பாக்கியை ஓயச் செய்தது ஓடோவின் செயல். கார்டாசியாவில் 80 கோடிக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ஃபவுண்டர் தலைவி நோயால் சாகும் தறுவாயில் இருக்கிறாள். ஓடோ அவளிடம் சென்று, தன்னோடு அவளை இணைத்து, அவளுடைய நோயைக் குணமாக்குகிறார். அவள் போரை நிறுத்தக் கட்டளையிட்டு, விசாரணைக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறாள். கூட்டமைப்பு மறுத்த மருந்தை ஓடோ கொடுத்தார், நீதியும் கைவிடப்படவில்லை. வெற்றிக்குப் பின் பிணங்கள் நிறைந்த நகரத்தில் நின்று, கிளிங்கான் தளபதி மார்டாக் வெற்றி மதுவை அருந்த அழைக்கிறார். சிஸ்கோ அதை அருந்தாமல் கீழே ஊற்றிவிட்டு நடக்கிறார்.

அன்பானவர்களே, சிஸ்கோ தம் நாட்குறிப்பில் பேசியது பாவ அறிக்கையைப் போலத் தோன்றுகிறது. ஆனால் அதைக் கேட்க ஒருவருமில்லை. ஏமாற்றப்பட்டவர்களிடம் அது சொல்லப்படவுமில்லை. இறுதியில் அது அழிக்கப்பட்டது. மனந்திரும்புதல் இல்லாத அறிக்கை மனச்சாட்சியை உறங்கவைக்கும் தாலாட்டாகிவிடும்.

நமக்குப் பேரரசுகள் இல்லை. ஆயினும் சபைத் தேர்தல் வரும்போது, சபையின் நன்மைக்காக என்று சொல்லி, எதிர் அணியினரைப் பற்றி உறுதிப்படாத செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். குடும்பத்தின் மானத்துக்காக என்று சொல்லி, திருமணப் பேச்சில் உண்மையை மறைக்கிறோம். தீமையைச் செய்து நன்மையை வரவழைக்கலாமே என்ற வாதத்தைப் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்திலேயே தள்ளிவிட்டார். அதை மீண்டும் நம் வீட்டுக்குள் அழைக்க நமக்கு என்ன உரிமை?

இந்த வாரத் தியானத்துக்கு ஒரே கேள்வி. நல்ல நோக்கத்துக்காக என்று நீங்கள் வைத்திருக்கும் கணக்கில் யாருடைய பெயர் எழுதப்படவில்லை? அந்தப் பெயரைக் கர்த்தருக்கு முன்பாக எழுதுங்கள். பிறகு அந்த மனிதரிடமே சென்று உண்மையைப் பேசுங்கள்.