கோணற்கோலால் அளக்கலாமோ?

துணி அளக்கும் கோல், வாங்குவோனுக்கு ஒரு நீளமும் விற்போனுக்கு வேறொரு நீளமுமாக இருக்குமாயின், அதனைக் கோல் என்று எவரும் கொள்ளார்; கள்ளக்கோல் என்றே தூக்கி எறிவர். நெல் அளக்கும் மரக்காலுக்கும் இதுவே முறை. கல்வித்துறையில் அளக்கும் கோல் மதிப்பெண். ஒரு மாணவனின் பன்னிரண்டு ஆண்டு உழைப்பை மூன்று மணிநேரத் தாளொன்றில் வாங்கி, அதனைச் சில நிமையங்களில் ஓர் எண்ணாக மாற்றிவிடுகின்றோம். அவ்வெண்ணே அவன் மருத்துவனாவதையும் பொறிஞனாவதையும் கழனிக்கே மீள்வதையும் முடிவு செய்கின்றது. ஆகலின் அக்கோல் நேரியதா கோணியதா என்று பார்ப்பது தமிழ் மக்கள் அனைவரின் கடமையாகும்.

கணக்குத் தேர்வில் மொழிக்கு என்ன வேலை, எண்ணுக்கு மொழி உண்டோ என்று வினவுவார் உளர். அவர்க்கு ஓர் எளிய எடுத்துக்காட்டால் விடையிறுப்போம். எம் பனமலைப் பக்கத்துப் பிள்ளைகள் அன்றாடம் காணும் காட்சியே அது. 20 மீட்டர் உயரப் பனையினின்று காய் ஒன்று கழன்று விழுகின்றது. காற்றின் தடையை விட்டுவிடுக. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொள்க. அது நிலத்தை அடைய எத்துணை நொடி ஆகும்? அடையும்போது அதன் விரைவு யாது? மதிப்பெண் 5.

விழுந்த தொலைவு, முடுக்கத்தின் பாதியை நேரத்தின் இருபடியால் பெருக்கியதற்கு ஈடு. 20 என்பது 5ஐ நேரத்தின் இருபடியால் பெருக்கியது. எனவே நேரத்தின் இருபடி 4. நேரம் 2 நொடி. விரைவு நொடிக்கு 20 மீட்டர். மாணவன் ஒருவன் இருபடி மூலம் எடுக்க மறந்து நேரத்தை 4 நொடி என்றும், அதனால் விரைவை 40 என்றும் எழுதிவிட்டான் என்க. இறுதி விடையை மட்டும் பார்க்கும் ஆசிரியர் இரண்டையும் அடித்துச் சுழியம் இடுவார். படிப்படியாகப் பார்க்கும் ஆசிரியரோ, முதற்பகுதியில் உறவை எழுதியமைக்கு 1, எண்களைப் பெய்தமைக்கு 1, இரண்டாம் பகுதியில் முடுக்கத்தை நேரத்தாற் பெருக்கிய வழிக்கு 1 என 3 மதிப்பெண் தருவார். பின்னைய பிழை முன்னைய பிழையின் வழிவந்ததே ஆதலின், ஒரே பிழைக்கு இருமுறை ஒறுத்தலாகாது என்று 4 தருவாரும் உளர். வேறொரு மாணவி ஆற்றல் அழியாமையைக் கொண்டு விரைவை முதலிலும் நேரத்தைப் பின்னும் கண்டாளாயின், அவளுக்கு முழுமதிப்பெண்ணும் உரியது.

ஒரே தாளுக்குச் சுழியமும் நான்கும் கிடைக்கக்கூடும் என்பதை இங்கே கருதுக. இதனைத் தவிர்க்கவே விடைக்குறிப்பு என ஒன்று வகுக்கப்படுகின்றது. இங்கிலாந்தின் கேம்பிரிட்சுத் தேர்வுகளில் வழிமுறை மதிப்பெண், செம்மை மதிப்பெண், வழியைச் சாராத தனிமதிப்பெண் என மூன்றாகப் பிரித்து வைத்துள்ளனர். எண்ணுப்பிழை ஒன்றினாலேயே வழிமுறை மதிப்பெண் போய்விடாது. வழிமுறை இன்றிச் செம்மை மதிப்பெண் வாராது. நம் மேனிலைத் தேர்வின் கணக்குத் தாளிலும் 90 மதிப்பெண்ணில் 20 மட்டுமே ஒருசொல் விடைக்குரியவை. எஞ்சிய 70ம் இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்களாய்ப் படிகளை எழுதிக் காட்டுதற்குரியவை.

படி என்பது எண்ணால் மட்டும் எழுதப்படுவதன்று, சொல்லாலும் எழுதப்படுவது. இங்கேதான் மொழி நுழைகின்றது. விரைவு என்று தூய தமிழில் எழுதிய மாணவனை, பாடநூலில் வேகம் என்றன்றோ உள்ளது என்று சுழித்தல் முறையா? தமிழ்நாட்டுப் பாடநூல் முடுக்கம் என்பதை ஈழத்தார் ஆர்முடுகல் என்பர். நாம் நிறை என்பதை அவர் திணிவு என்பர். நாம் எடை என்பதையோ அவர் நிறை என்பர். ஒரே தமிழ்ச்சொல் ஈரிடத்தில் இருபொருள் தருகின்றது! இதனை அறியாத ஆசிரியர் கையில் ஈழத்து ஏதிலியர் பிள்ளையின் தாள் கிடைக்குமாயின், மெய்யான விடையும் பிழையாகத் தோன்றும். குறை அப்பிள்ளையின் அறிவிலில்லை. இருகரைத் தமிழர்க்கும் பொதுவான கலைச்சொற் பட்டியலை விடைக்குறிப்போடு சேர்க்காத நம்மிடத்தேயுள்ளது.

இவை சிறு சறுக்கல்கள். அரசே கோலைக் கோணச்செய்த கதையும் உண்டு. தமிழர் அதனை மறத்தலாகாது. இலங்கையில் பொறியியலுக்குச் செல்வோர் தூயகணக்கு, பயன்முறைக் கணக்கு, இயற்பியல், வேதியியல் என நான்கு பாடங்களில் 400 மதிப்பெண்ணுக்குத் தேர்வெழுதி வந்தனர். விசையும் இயக்கமும் பயன்முறைக் கணக்கில் அடங்கும். 1970இல், தமிழ்வழித் தாள்களைத் திருத்திய தமிழாசிரியர்கள் தம் இனத்துப் பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணை அள்ளி வழங்கினர் என்றொரு பழி கிளப்பப்பட்டது. அது மெய்ப்பிக்கப்படவே இல்லை. ஆயினும் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு 1971ஆம் ஆண்டுச் சேர்க்கையில் மொழிக்கொரு வெட்டெல்லை வகுத்தது. பேராதனையில் பொறியியல் பயிலச் சிங்களவழி மாணவனுக்கு 227 போதும். தமிழ்வழி மாணவனுக்கு 250 வேண்டும். மருத்துவத்திற்கோ முன்னவனுக்கு 229; பின்னவனுக்கு 250. வினா ஒன்றே, பாடத்திட்டம் ஒன்றே. எழுதிய மொழி தமிழ் என்பதே 23 மதிப்பெண்ணுக்கும் 21 மதிப்பெண்ணுக்கும் கரணியம்!

1973இல் மதிப்பெண்களையே மொழிவாரியாக மாற்றியமைக்கும் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. அறிவியல்சார் படிப்புகளில் 1970இல் 35.3 விழுக்காடாக இருந்த தமிழ் மாணவர் 1975இல் 19 விழுக்காடாகச் சுருங்கினர். 1977இல் வந்த அடுத்த அரசு மொழிவாரித் தரப்படுத்தலைக் கைவிட்டது. எனினும் ஏழாண்டுகளில் ஓர் இளைய தலைமுறையின் நெஞ்சு எரிந்து போயிற்று. பின்னர் எழுந்த தீயின் முதற்பொறிகளுள் ஒன்று இம்மதிப்பெண் பட்டியலே.

சிங்களச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு ஆய்வுக்கூடம் இல்லை, நல்லாசிரியர் இல்லை, அவரைக் கைதூக்க வேண்டாவோ என்று சிலர் கேட்பர். கைதூக்கத்தான் வேண்டும். ஏழைக்கு அரிசி கொடுப்பது அறம். அதற்காகப் படிக்கல்லின் எடையை மாற்றுவது அறமன்று. நம் தமிழ்நாட்டில் 2020இல் அரசுப்பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டது. எவருடைய மதிப்பெண்ணும் அதனால் திருத்தப்படவில்லை. இடம் வெளிப்படையாக ஒதுக்கப்பட்டது. பின்தங்கியோரைத் தூக்கும் வழி அது. ஒருவன் எழுதிய மொழியைப் பார்த்து அவன் பெற்ற எண்ணைக் குறைத்து மதிப்பதோ இனப்பகை.

அஃது அயல்நாட்டுச் செய்தி என்று நாம் அமைந்திருத்தல் இயலாது. 2018இல் நடுவண் அரசின் 'நீட்' தேர்வில் தமிழ் வினாத்தாளின் 180 வினாக்களில் 49 வினாக்கள் பிழைபட மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்று வழக்கெழுந்தது. சிறுத்தை என்றிருக்க வேண்டிய இடத்தில் சீத்தா என்றிருந்ததாம்! அத்தேர்வில் படிக்கு மதிப்பெண் இல்லை; ஒரு வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும், அவ்வளவே. சரியாயின் 4, பிழையாயின் 1 குறையும். வழிமுறையைக் காட்ட இடமே இல்லாத தேர்வில் வினாவின் சொல்லே உயிர். அச்சொல் பிழையாயின் மாணவன் தன் அறிவைக் காட்ட வேறு வாயில் இல்லை. ஐயம் தோன்றின் ஆங்கில வினாவே முடிவானது என்பது அவர்தம் விதி. தமிழில் எழுதுக என்று அழைத்துவிட்டு, ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள்க என்பது விருந்துக்கு அழைத்து இலையை மறைப்பது போன்றதன்றோ?

சென்னை உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை, 49 வினாக்களுக்கும் நந்நான்காக 196 மதிப்பெண் தமிழ்வழித் தேர்வெழுதியோர் அனைவர்க்கும் வழங்குமாறு 2018 சூலையில் தீர்ப்பளித்தது. உச்சமுறைமன்றம் அதனை அத்திங்களிலேயே நிறுத்தி வைத்துப் பின்னர் நவம்பரில் நீக்கிற்று. அனைவர்க்கும் 196 என்பது சரியான மருந்தன்று என்பாரோடு நாம் வழக்காட வரவில்லை. விடை அறிந்தாரும் அறியாதாரும் ஒரே எண் பெறுதல் அளவையாகாது என்பது மெய்யே. ஆனால் மருந்து பொருந்தவில்லை என்பதால் நோயே இல்லை என்றாகிவிடுமோ? பிழையை விதைத்தவர் ஒரு மதிப்பெண்ணும் இழக்கவில்லை. தமிழை நம்பிய பிள்ளைகளே இழந்தனர்.

எனவே நாம் வேண்டுவன இவை. தமிழ்வழித் தேர்வின் வினா, ஆங்கிலத்தினின்று பெயர்க்கப்படாமல், பாடமறிந்த தமிழராலேயே தமிழில் ஆக்கப்படல் வேண்டும். இருமொழி வினாக்கள் முரண்படுமிடத்து, மாணவன் எந்த மொழியில் எழுதினானோ அந்த மொழி வினாவே அவனுக்கு முடிவானதாதல் வேண்டும். விடைக்குறிப்பில் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஏற்கத்தக்க மாற்றுச்சொற்கள், ஈழவழக்கு உட்பட, குறிக்கப்படல் வேண்டும். வழிமுறைக்கு இத்துணை, விடைக்கு இத்துணை என்ற பகுப்பு தேர்வுக்கு முன்பே மாணவர்க்கு அறிவிக்கப்படல் வேண்டும். திருத்திய தாளின் படியைப் பெறும் உரிமை இன்று கட்டணத்திற்குரியதாய் உள்ளது. ஏழை மாணவர்க்கேனும் அது கட்டணமின்றிக் கிடைத்தல் வேண்டும்.

கணக்காசிரியர்காள்! உங்கள் கையிலுள்ள செம்மை எழுதுகோல் சிறிது. அது செய்யும் செயல் பெரிது. தாளின் கடைசி வரியைத் தேடி ஓடாதீர்; முதல்வரியினின்று படியுங்கள். தமிழாசிரியர்காள்! கணக்குத்தாள் நமக்கென்ன என்று ஒதுங்காதீர்; உங்கள் பள்ளிக் கணக்காசிரியரோடு ஒருநாள் அமர்ந்து கலைச்சொற்களை ஒப்பிட்டுப் பட்டியலிடுங்கள். அது தமிழுக்குச் செய்யும் மேடைப்பொழிவினும் மிக்க தொண்டாகும். பல்லவன் இராசசிம்மன் பனமலைக் குன்றின்மேல் தளி எடுத்தபோது, கல்லைக் குன்றேற்றிய தச்சரும் கூலியாளரும் எடையையும் விசையையும் எம்மொழியிற் பேசியிருப்பர்? அவர்தம் வழிவந்த பிள்ளைகள் அதே மொழியில் எழுதினால் மதிப்பெண் குறையும் என்னும் நிலை இருக்கும்வரை, தமிழ் ஆட்சிமொழி என்பது ஏட்டில் மட்டுமே. கோலை நிமிர்த்துவோம், பிள்ளைகள் தாமே நிமிர்வர்.