கட்டத் தெரிந்த கைகள்

பினாங்குத் தீவில் கடலைத் தேடி யாரும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பத்து மாவுங்கிலும் தெலுக் பஹாங்கிலும் மாலை வேளையில் தூண்டிலோடு நிற்பவர்களிடையே நம்மவர்களையும் காணலாம். வார இறுதி என்றால் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்துகொள்வர். மாணவரின் பெட்டியைத் திறந்தால் ஜப்பானிய ரீல், பின்னல் நூல், மீன் வடிவ நெகிழி இரைகள், பளபளக்கும் உலோக ஜிக்குகள் என ஒரு சிறு கடையே இருக்கும். பக்கத்தில் நிற்கும் பெரியவரிடமோ வீட்டில் தாமே கட்டிய இறகுத் தூண்டில் ஒன்றுதான் இருக்கும்.

இவ்விரண்டில் எது சிறந்தது என்ற பட்டிமன்றம் தூண்டில்காரர்கள் கூடும் காப்பிக் கடைகளில் ஓய்வதே இல்லை. என்னைக் கேட்டால், எது அதிக மீன் பிடிக்கும் என்பது சிறிய கேள்வி. கட்டத் தெரிந்தவர்கள் மறைந்த பிறகு நம்மிடம் என்ன மிஞ்சும் என்பதே பெரிய கேள்வி.

அப்போலோ சொல்லும் பாடம்

மலேசியத் தூண்டில்காரர்கள் 'அப்போலோ' என்று அழைக்கும் இறகுத் தூண்டிலை எடுத்துக்கொள்வோம். ஒரு தாய் நூல். அதிலிருந்து பிரியும் ஐந்தாறு கிளை நூல்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் இறகோ மினுங்கும் இழையோ கட்டிய சிறு கொக்கி. எல்லாவற்றுக்கும் கீழே ஓர் எடைக்குண்டு. கடலில் இறக்கி, சற்றே உயர்த்தித் தாழ்த்தினால் போதும். இறகுகள் விரிந்து சுருங்கும். கெம்போங் என்று நாம் சொல்லும் கானாங்கெளுத்தியும் செலாரும் அவற்றைச் சிறு இறால் என்றோ குஞ்சு மீன் என்றோ எண்ணிக் கவ்வும். உயிருள்ள இரை தேவையில்லை.

பார்க்க எளிது, கட்டுவதற்குக் கணக்கு உண்டு. இரு கிளைகளுக்கு இடையிலுள்ள தூரத்தைவிடக் கிளை நூல் குட்டையாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு கொக்கி அடுத்ததோடு சிக்கிக்கொள்ளும். கிளை நூல் ஓரளவு விறைப்பாக இருக்க வேண்டும். தொய்ந்தால் தாய் நூலைச் சுற்றிக்கொள்ளும். இறகை அதிகமாக வைத்தால் கொக்கியின் முனை மறைந்துபோகும்; குறைவாக வைத்தால் நீரில் அசைவு இராது. நூலைச் சுற்றி இறுக்கி முடிந்தபின் நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டால் கட்டு அவிழாது.

இவற்றையெல்லாம் கட்டுகிறவர் அறிந்தே தீர வேண்டும். கடையில் வாங்குகிறவருக்கு அந்தக் கட்டாயமில்லை. அறுந்தால் புதிதாக ஒன்று வாங்கலாம். ஏன் அறுந்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. இழப்பு தொடங்கும் இடம் இதுதான்.

புதியது பொல்லாததா?

இல்லை. இதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். இன்றைய கொக்கிகள் கூர்மையானவை. கரிம இழைத் தண்டுகள் எடை குறைந்தவை. பின்னல் நூல் மெல்லியதாக இருந்தும் வலுவானது; ஆழத்தில் மீன் தொட்டாலும் விரலுக்குத் தெரியும்.

பழையவை யாவும் நல்லவை என்பதும் உண்மையன்று. வீட்டு அடுப்பில் ஈயத்தை உருக்கி எடைக்குண்டு வார்க்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. அந்தப் புகையும் தூசும் உடலுக்கு நஞ்சு. அன்னப்பறவைகள் ஈயக் குண்டுகளை விழுங்கி மடிந்ததால், பிரிட்டன் 1987ஆம் ஆண்டிலேயே 28 கிராம் வரையிலான பெரும்பாலான ஈயத் தூண்டில் எடைகளின் விற்பனைக்குத் தடை விதித்தது. ஆகவே இறகைக் கட்டக் கற்றுக்கொள்வோம். ஈயம் உருக்குவதைத் தாத்தா காலத்தோடு விட்டுவிடுவோம்.

பழைய கையும் புதிய கருவியும் ஒன்றாக வாழ முடியாதா? குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார மீனவர்கள் தூண்டிலால் ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். செயற்கைக்கோள் வழிகாட்டும் கருவி அவர்கள் படகில் ஏறியது. அதற்காகத் தூண்டில் தொழில் படகை விட்டு இறங்கிவிடவில்லை.

தொழிற்சாலைக்குப் பின்னாலும் ஒரு கை

இன்று உலகெங்கும் விற்கும் 'ரபாலா' இரையின் கதையை நம் மாணவர்கள் அறிய வேண்டும். பின்லாந்து நாட்டு மீனவர் லவுரி ரபாலா, பெரிய மீன்கள் கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் குஞ்சையே குறிவைத்துத் தாக்குவதைக் கவனித்தார். 1936இல் தக்கைக் கட்டையைக் கத்தியால் செதுக்கினார்; சாக்லெட் சுற்றிய பளபளப்புத் தாளை அதன்மேல் ஒட்டினார்; புகைப்படச் சுருளை உருக்கிப் பூசினார். வண்ணப் பூச்சும் மெருகும் பின்னால் வந்தவை. முதலில் இருந்தவை கவனித்த கண்ணும் செய்து பார்த்த கையும்தான்.

மேல்நாட்டார் ஆறுகளில் பயன்படுத்தும் இறகு ஈத் தூண்டில்களும் அப்படியே. அவை இன்றும் இலங்கை, கென்யா, தாய்லாந்து போன்ற நாடுகளில் கையால் கட்டப்பட்டு ஏற்றுமதியாகின்றன. நாம் 'நவீனம்' என்று எண்ணி வாங்கும் அட்டைப் பெட்டிக்குள் வேறொருவரின் கைத்திறன்தான் இருக்கிறது. அந்தத் திறனை நாம் கைவிட்டுவிட்டு, அதையே பணம் கொடுத்து வாங்குகிறோம்.

மீன் யார்?

சூதில் பெறும் வெற்றி, தூண்டில் இரும்பை மீன் விழுங்கியது போன்றது என்கிறார் வள்ளுவர் (குறள் 931). அவர் சூதாடியைச் சொன்னார். கண்ணாடி அலமாரியில் மின்னும் இரைகளின் முன் கல்விக் கடன் பணத்தோடு நிற்கும் மாணவனுக்கும் அது பொருந்தும். ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும் ரீல்கள் உள்ளன. அவற்றை வாங்கும் வசதியுள்ளவர் வாங்கட்டும். ஆனால், அது இல்லாவிட்டால் கடற்கரைக்கே வரக்கூடாது என்று ஓர் ஏழை மாணவன் நினைத்தால், மாட்டிக்கொண்டது யார்?

சொற்களும் போகின்றன

இது தமிழ் மொழிக் கழகத்தின் இதழ். இங்கே தூண்டிலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம் தூண்டில்காரர்களின் பேச்சைக் கேளுங்கள்: ஜோரான், தங்சி, உம்பான், மாத்தா காயில், பத்து லடுங். பல இனத்தவரோடு வாழும் நாட்டில் இது இயல்பு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனினும் நரம்பு, இரை, முள், தக்கை, ஈயக்குண்டு, சுருக்கு என்ற சொற்களும் நமக்கு உண்டு. நெய்தல் நிலத்துக்கென்று தனி இலக்கிய மரபே கண்ட மொழி நம்முடையது. தேர்வுத்தாளில் நெய்தலின் கருப்பொருளை வரிசையாக எழுதும் நாம், ஒரு முடிச்சின் பெயரைத் தமிழில் சொல்லத் தடுமாறுகிறோம்.

அகராதி மட்டும் இச்சொற்களைக் காப்பாற்றிவிடாது. "இன்னும் ஒரு சுற்று, இப்போது இறுக்கு" என்று ஒருவர் சொல்ல, மற்றொருவர் கை அதைச் செய்யும்போதுதான் சொல் உயிரோடு இருக்கும். நம் முன்னோர் பெரும்பாலும் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள்; ஓடைக்கரையிலும் அலைகரையிலும் ஓய்வு நேரத்தில் தூண்டில் போட்டவர்கள். அவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. தெரிந்தவர்கள் முதியவர்களாகிவிட்டனர்.

எனவே ஒரு வேண்டுகோள். கழகத்தின் ஆண்டு நடவடிக்கைகளில் பட்டிமன்றம், கவியரங்கம் ஆகியவற்றோடு ஒரு சனிக்கிழமையைத் தூண்டில் கட்டும் பட்டறைக்கு ஒதுக்குவோம். செலவு அதிகமில்லை: ஒரு பெட்டி கொக்கி, ஒரு சுருள் நரம்பு, தையல் நூல், சந்தையில் கேட்டு வாங்கிய கோழி இறகு. தெரிந்த பெரியவர்களை அழைத்து உட்கார வைப்போம். அவர்கள் சொல்லும் சொற்களையும் கட்டும் முறையையும் ஒலியாகவும் படமாகவும் பதிவு செய்து அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோம். முன்னாள் மாணவர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். அவரை அழைத்து வாருங்கள். ரீலை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.