உழைப்பு உடற்பயிற்சி ஆகுமா?

“தோட்டத்துப் பெண்ணுக்கு உழைப்பே உடற்பயிற்சி” எனக் கற்றோர் சிலர் கூறுவர். நடையும் ஓட்டமும் இதயத்தை வலுப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் 2020இல் விதந்துரைத்தது. ஹற்றன் மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவள் அவ்வளவையும் ஒரே நாளில் கடந்துவிடுகிறாள். ஆயினும் மூட்டு நோவும் குருதிச்சோகையும் அவளை விட்டகலவில்லை. ஏன்?

பயிற்சியின் பயன் அசைவில் மட்டுமன்று, அதனைத் தொடரும் ஓய்விலும் உணவிலும் தங்கியுள்ளது. அவையின்றேல் பயிற்சியே உடலைத் தேய்க்கும். நுவரெலியாவில் கிறகரி வாவியோரம் உலாவுபவர் களைத்தால் அமரலாம். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் என்ற அச்சத்தில் நிற்பவள் அமர முடியுமா? அவளது உழைப்பைப் பயிற்சியென்று புகழ்வது சுரண்டலுக்குச் சூட்டும் மாலையே. அவளுக்கு வேண்டியது உபதேசம் அன்று; ஓய்வும் ஊட்டமும் நியாயமான கூலியுமே!